தண்ணீர் தொடாத மாவு

"போச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்டே!" என்றாள் அத்தை.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். அம்மாவின் நெற்றியில் முத்தமிடத்தான் குனிந்திருந்தாள். அதற்குள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, அத்தை பாடுபட்டுப் பூசியிருந்த பூச்சில் கன்னத்தின் குறுக்கே கோடு கிழித்துவிட்டது.

"இனிமே கிட்ட வராதே. அழணும்னா அந்த மூலையில நின்னு அழு" என்று அத்தை மறுபடியும் பஞ்சை எடுத்தாள். அப்பாவின் தங்கை. அண்ணி மேல் உயிரையே வைத்திருந்தவள். கைப்பையிலிருந்த விலை உயர்ந்த சமாச்சாரங்களையெல்லாம் அண்ணிக்காகக் காலி செய்துகொண்டிருந்தாள். குறை சொல்ல வாய் வராது. ஆனால் கட்டிலில் கிடந்தது அம்மா மாதிரி இல்லை. யாரோ வங்கி மேலாளர் மாதிரி இருந்தது.

அம்மா விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டாள். முந்தின நாள் எல்லோருமாகச் சீட்டாடினார்கள்; கள்ளாட்டம் ஆடி ஜெயித்துவிட்டுத்தான் படுக்கப் போனாள். கொடுத்துவைத்த சாவு என்றார்கள் வந்தவர்கள். மகளுக்கும் மனம் நிறைவாகத்தான் இருந்தது. சாயங்காலம் வண்டி வருவதற்குள் அம்மாவின் முகத்தை அம்மாவின் முகமாகவே ஒருமுறை பார்க்க வேண்டும், பக்கத்தில் இருந்து ஆசை தீர அழ வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். ஆனால் முகமா, அழுகையா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் போலிருந்தது.

அப்பா உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார். "யாரு இது?" என்றார்.

அத்தையின் முகம் தொங்கிப்போயிற்று. "அண்ணே!"

"கோவிச்சுக்காதேம்மா. துடைச்சிடு. நான் பார்த்துக்கறேன்."

அப்பா முகப்பவுடர் தொழிற்சாலையில் கலவை போட்டவர். தினமும் புருவம்வரை வெளுத்துத்தான் வீடு திரும்புவார். தெருவே அவரை 'மாவு சார்' என்றது. "வாசல்லயே தட்டிட்டு வாங்க, மாவு சார்" என்று அம்மாவும் சேர்ந்துகொள்வாள்.

"பாப்பா, சமையலறையில ரெண்டு டப்பா இருக்கும். கொண்டா. ஒரு தம்ளர் தண்ணியும்."

இரண்டு டப்பாவிலும் வெள்ளை மாவு. பெயர் எழுதும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அம்மா விரலில் தேய்த்தே எது என்ன என்று சொல்லிவிடுவாள். அப்பா ஒன்றிலிருந்து ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டார். கலங்கி அடிக்குப் போயிற்று. "இது சமையலுக்கு." மற்றதிலிருந்து போட்டது தண்ணீரின் மேலேயே காய்ந்த மாவாக உட்கார்ந்திருந்தது. கரண்டியால் கலக்கிப் பார்த்தார். அப்போதும் நனையவில்லை.

"ஸ்டியரேட். கொழுப்புலேர்ந்து எடுக்கற உப்பு" என்றார். இந்த வீட்டில் எல்லோரும் கேட்டுக் காது புளித்த பாடம். "சோப்பு இதுக்கு அண்ணன் முறை. அண்ணன் தண்ணியைப் பார்த்தா கரைஞ்சு போயிடுவான். தம்பி ரோஷக்காரன், தொடவே மாட்டான்."

"அந்த ரோஷக்காரனாலதானே உங்க கல்யாணத்துல மானம் போச்சு" என்றாள் அத்தை.

மகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிது. கல்யாணப் பெண்ணுக்கு நானே பவுடர் கலக்குகிறேன் என்று கிளம்பி, பவுடர் முகத்தில் ஒட்டி நிற்கட்டும் என்று ஸ்டியரேட்டை இரண்டு பங்காக அள்ளிப் போட்டுவிட்டார். பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா விம்மி விம்மி அழுதாள். கண்ணீர் கன்னத்தில் தங்காமல் உருண்டே ஓடிவிட்டது. ஒரு தடம் இல்லை. தூரத்தில் நின்றவர்கள், 'பொண்ணு கண்ணு கலங்காம கிளம்புது பாரு' என்று வாயைப் பிளந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா ஆயுள் முழுக்க அப்பாவைக் கேலி செய்தாள்.

அத்தை பூச்சைத் துடைத்தெடுக்க, அப்பா கட்டிலடியிலிருந்து தன் பழைய கலவைப் பெட்டியை இழுத்தார். வெள்ளைப் பவுடரைத் தட்டில் கொட்டி, மஞ்சள் பொடியும் சிவப்புப் பொடியும் துளித்துளியாகச் சேர்த்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தார்.

"கையை நீட்டு பாப்பா. உங்கம்மா நிறம் உன்கிட்டதான் இருக்கு."

சன்னல் வெளிச்சத்தில் அவள் மணிக்கட்டின் உட்புறம் பூசிப் பார்த்தார். மஞ்சள் தூக்கல். இன்னும் கொஞ்சம் சிவப்பு. பிறகு பூசியபோது பவுடர் எது, தோல் எது என்று தெரியவில்லை. கடைசியாக ஸ்டியரேட் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டார். மேலே இன்னொரு கரண்டி.

"அண்ணே, மறுபடியும் கூடப் போடறீங்களே!"

"தெரியும்" என்றார் அப்பா.

நெற்றி, கன்னம், மூக்கு என்று மெதுவாக ஒற்றிக்கொண்டே வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா வந்தாள். சீட்டை மடியில் ஒளித்துவைத்திருக்கும் அதே முகம். மகள் மூலையிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அங்கேயே நிக்கறே?"

"அழுகை வருதுப்பா. கலைஞ்சிடும்."

"கலையாது. கிட்ட போய் நல்லா அழு."

அவள் குனிந்தாள். முதல் சொட்டு அம்மாவின் கண்ணுக்குக் கீழே விழுந்து, மணியாகத் திரண்டு, காதோரமாக உருண்டு தலையணையில் இறங்கியது. கன்னம் கன்னமாகவே இருந்தது. அதன் பிறகு அவள் எதையும் அடக்கவில்லை. அத்தை பஞ்சை வைத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து தானும் குனிந்தாள்.

அப்பா தட்டைக் கழுவ எடுத்துப் போனார். சமையலறையில் குழாய் திறந்த சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டுக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.