தேயிலைப் பெட்டிக்குள் மோடம்

மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அமிர்தநாதனுக்கு அது கையில் இருந்தது. காலையிலிருந்து அந்தப் பழைய கம்ப்யூட்டரின் மண்டையில் ஓங்கி ஓங்கி அறைந்து உள்ளங்கை சிவந்துவிட்டது.

"அடிச்சா நெட்டு வேகமா வந்துருமாப்பா?" என்றாள் டின்சி.

நர்சிங் முடித்த மகள். மதியம் மூன்று மணிக்கு ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரி ஒருத்தி திரையில் வந்து அவளைக் கேள்வி கேட்கப் போகிறாள். போன வாரமும் வந்தாள். பாதியில் படம் உறைந்து, பேச்சு இழுத்து, எல்லாம் பாழாய்ப் போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பெயரை அடித்துவிடுவோம் என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயம் இருந்த பள்ளத்தில் போனுக்கு ரேஞ்சு கிடையாது. வண்டிப்பெரியார் டவுனுக்குப் போகலாமென்றால் வழியில் மண் சரிந்து கிடந்தது. எஸ்டேட் ஆபீசில் கழித்துப் போட்ட இந்தக் கம்ப்யூட்டரும், அதன் முதுகில் செருகிய வைஃபை குச்சியும்தான் கதி.

டின்சி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். குச்சியைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். தேவையில்லாமல் ஓடியதையெல்லாம் நிறுத்தினாள். திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மோடத்த அந்தப் பெட்டியிலருந்து வெளிய எடுத்துப் பாப்பமாப்பா?"

"அதுல கைய வச்ச, முறிச்சிருவேன்."

பெட்டி அவருடைய பெருமை. ஃபேக்டரியில் பேக்கிங் வேலை பார்த்த மனுஷன். உள்ளே நாலு பக்கமும் ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி அது. மாதா படத்துக்குக் கீழே, துவைத்த துணி வைக்கக் கிடந்தது. முந்தைய மோடம் மழைக்கால ஈரத்தில் செத்ததும், போன வாரம் வாங்கிய புதியதை அந்தத் துணிகளுக்கு மேல் வைத்து மூடிவிட்டார். வயர் நுழைய மட்டும் ஒரு ஓட்டை. கப்பலேறிப் போன தேயிலையே இதற்குள் நமுத்ததில்லை, மோடமா நமுக்கும்?

மணி மூன்றை நெருங்கியபோது சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டலும் விசிலும் கேட்டன. ஏதோ பந்து விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பெர்சி. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிப் போனவன். புது மோடத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்.

"நம்ம நெட்ட உறிஞ்சிக்கிட்டு பந்து பாக்கானா அவன்?"

"இருங்கப்பா, நான் பாஸ்வேர்ட மாத்திப் பாக்கேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? இறவாரத்தில் செருகியிருந்த, தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியை உருவிவிட்டார். மனைவி சிசிலி கையைப் பிடித்தாள். உதறிய உதறலில் அவள் அடுப்பங்கரைச் சுவரில் போய் மோதினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெர்சி வீட்டுக் கதவை உதைத்தார். கொண்டி பெயர்ந்து விழுந்தது. டிவி முன்னால் கட்டன்சாயா டம்ளரோடு உட்கார்ந்திருந்தான் பெர்சி.

"எம் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு சாயா குடிக்கியால?"

"என்னண்ணே சொல்லுதிய? இது டிஷ்ஷு. நான் நெட்டத் தொடவே இல்லண்ணே."

முதல் வெட்டு டிவியில் விழுந்தது. திரை பிளந்து கருத்தது. பெர்சி பாய்ந்து அவர் தோளைப் பிடித்தான். அமிர்தநாதன் கத்தியை வீசினார். மிரட்டத்தான் வீசினேன் என்று பின்னால் போலீசில் சொல்லிக்கொள்ளலாம். வீசும்போது அவருக்கு வெட்டத்தான் வேண்டியிருந்தது. தேயிலைத் தண்டை ஒரே இழுப்பில் அறுக்கும் கத்தி, பெர்சியின் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. ரத்தம் பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது.

வாசலில் டின்சி வந்து நின்றாள். "அப்பா, பாஸ்வேர்ட மாத்திட்டேன். இப்ப நம்மளத் தவிர யாருமே இல்ல, அப்பவும் சுத்..."

பார்த்துவிட்டாள். ஓடிவந்து மண்டியிட்டுப் பெர்சியின் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, துணி கொண்டாங்க."

பின்னாலேயே வந்திருந்த சிசிலி வீட்டுக்கு ஓடினாள். தேயிலைப் பெட்டியைத் திறந்து, மோடத்தை ஓரமாகத் தள்ளி, கையில் சிக்கிய வேட்டியை உருவிக்கொண்டு திரும்ப ஓடினாள்.

அமிர்தநாதன் கால் போன போக்கில் தன் வீட்டுக்கு வந்து நின்றார். அங்கே யாரோ டின்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

திரையில் வெள்ளைக்காரி ஒருத்தி, தெளிவாக இருந்தாள். மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் காலி நாற்காலி, அதற்குப் பின்னால் ரத்தச் சட்டையோடு கத்தியும் கையுமாக ஒரு கிழவன். அது தான்தான் என்று புரியக் கொஞ்ச நேரமானது.

பெட்டி திறந்து கிடந்தது. சாரல் படுமே என்று பழக்கத்தில் மூடியைச் சாத்தினார். வெள்ளைக்காரியின் வாய் பாதியில் நின்றது, வட்டம் சுற்றியது. திறந்தார். அவள் பேசினாள். மறுபடி மூடினார். நின்றுபோனாள்.

அடப்பாவி மனுஷா. ஈரத்தைத் தடுத்த ஈயத்தாள் வைஃபையையும் தடுத்திருக்கிறது. வேறு யாரும் எதையும் உறிஞ்சவில்லை.

மூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினார். "டின்சி, நெட்டு வந்துருச்சு தாயி. அந்தம்மா கூப்பிடுதா. ஓடியா, அம்மா பிடிச்சுக்கிடுவா."

டின்சி பெர்சியின் கையை உயரத் தூக்கி, வேட்டியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவப்பு.

"நான் கைய எடுத்தா இவரு செத்துருவாருப்பா," என்றாள், அவரை நிமிர்ந்து பார்க்காமல். "நெட்டுதான் வந்துருச்சுல்ல. நீங்களே போய்ப் பேசுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரி இன்னும் டின்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரல் பயத்தில் நடுங்கியது, ஆனால் ஒரு சொல்கூட அறுபடவில்லை.