வரைந்து வைத்த நிழல்

பெப்ரவரி மாதத்து முதல் சனிக்கிழமை, வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வெயிலில், கட்டுகஸ்தோட்டை ஈவ்னிங் ஸ்டார் கால்பந்துக் கழக மைதானத்தின் மேற்குக் கோடு மட்டும் காயவில்லை. மற்ற மூன்று பக்கக் கோடுகளும் காய்ந்து வெள்ளைவெளேரென்று கிடந்தன. இதற்கான காரணம் அம்புறோஸுக்குப் பிடிபடவில்லை. கிழமை நாட்களில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற அவர், இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அந்தக் கோடுகளைப் போட்டுவருகிறார். சுண்ணாம்பை இரவே ஊறவைத்து, காலையில் வடித்து, கொஞ்சம் உப்புப் போட்டு, இரண்டரை மணிக்குக் கயிறு பிடித்து இழுத்தால் மூன்று மணிக்குள் காய்ந்துவிட வேண்டும். நான்கரைக்கு மேட்ச். அடுத்த வாரம் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் சுண்ணாம்பு மூட்டையை மாற்றினார். பந்து மேற்குப் பக்கம் போன போதெல்லாம் வெள்ளை அப்பிக்கொண்டுதான் திரும்பி வந்தது. மூன்றாவது சனிக்கிழமை கோட்டுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, புல்லில் உள்ளங்கையை வைத்தபோதுதான் புல் குளிர்ந்திருப்பது தெரிந்தது. அவர் நிழலில் இருந்தார்.

நிழல் விழுவதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. மைதானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே கழகத்துக்குச் சொந்தமான வெறும் நிலம், அதில் ஐந்தாறு கொய்யா மரம், கட்டடத்துக்கு அளந்து கொழும்புக் கம்பெனியொன்று ஜனவரிக் கடைசியில் அடித்துவிட்டுப் போன சிவப்புத் தலை ஆப்புகள். நிழலோ இரண்டு பக்கமும் நேராக வெட்டியதுபோல, தட்டையான தலையோடு, அந்தத் தலைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒரு சதுரத்தோடு கிடந்தது. ஆப்பு அடித்த இடத்தில் தொடங்கிக் கிழக்கே நீண்டது. இன்னும் கட்டப்படாத கட்டடத்தின் நிழல் அது.

ஒரு வாரத்துக்குள் ஊர் இதைத் தெரிந்துகொண்டு, அவரவர் வசதிப்படி எடுத்துக்கொண்டது. காலையில் நிழல் மறுபக்கமாக ரோட்டில் விழுந்ததால், திரீவீலர்க்காரர்கள் தங்கள் தரிப்பிடத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். ரோட்டுக்கு அப்பால் குடியிருந்த பெற்றீசியா டீச்சர், உடுப்பு காயாததற்குச் சவர்க்காரத்தைக் குறை சொல்வதை நிறுத்தி, கொடியைக் கழற்றிப் பின்வாசலில் கட்டினார். நான்கரை ஆகும்போது மைதானம் முழுக்க மங்கிப்போனதால் வலது பக்கம் ஆடுகிறவர்கள் பந்தை ஒரு நொடி பிந்தித்தான் கண்டார்கள்.

கம்பெனிக்கு நிலத்தைக் கொடுப்பதா என்பதுதான் அப்போது கழகத்தின் பேச்சு. வெறும் நிலத்தை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து நான்கு மாடிக் கடைத் தொகுதி கட்டுவார்கள். பதிலுக்கு மைதானத்தைத் திருத்தி, உடை மாற்றும் அறையும் கட்டித் தருவார்கள். தலைவர் பஹீம் நானா ஹாட்வெயார் கடைக்காரர், நேர்மையானவர், பதினெட்டு வருஷமாக ஒழுகும் தகரத்துக்குக் கீழே கூட்டம் நடத்திச் சலித்தவர். அவர் கொடுக்கலாம் என்றார். அம்புறோஸ் கூடாது என்றார். பந்து உருள்வது புல்லில் பாதி, வெளிச்சத்தில் பாதி. வெளிச்சத்தைக் குத்தகைக்கு விட்டால் பிறகு இது மைதானம் இல்லை, முற்றம் என்பது அவருடைய வாதம். அவருக்குச் சொந்த வீட்டிலேயே ஆதரவு இல்லை. மகள் ஜெஸ்மின் பெண்கள் அணியின் தலைவி. அந்த அணி மூன்று வருஷமாக நிறுத்திய வேனுக்குள் குனிந்தபடி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தது. “உங்களுக்குக் கோடுதான் பெருசு அப்பா,” என்றாள் ஜெஸ்மின். “எங்களுக்குக் கதவு வேணும்.”

நிழல் எதற்குக் கட்டுப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்தது பெண்கள் அணியின் கோல்காப்பாளர் அகீலா. கண்டி டவுனில் ஒரு வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கம்பெனிக் கட்டடத்தின் படத்தை வரைந்துகொண்டிருந்ததும் அவள்தான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றே காலுக்கு நிழலின் தலையிலிருந்த சதுரம் காணாமல்போய், தேநீர் வேளைக்குப் பிறகு ஒரு முழம் தள்ளித் திரும்பி வந்ததாக அம்புறோஸ் சொன்னபோது, அவள் நேரத்தை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். சரியாக அதே நேரத்தில்தான் அவள் கணினியில் தண்ணீர்த் தொட்டியை அழித்துவிட்டு, டீ குடித்து வந்து, தள்ளி வைத்திருந்தாள். சோதித்துப் பார்ப்போம் என்றார் அம்புறோஸ். மறுநாள் அவர் மைதானத்திலும் அவள் அலுவலகத்திலுமாக நின்று தொலைபேசியில் பேசினார்கள். “இப்ப ஒரு கொடிக்கம்பம் வெக்கிறேன் அங்கிள், பாருங்க,” என்றாள். நடு வட்டத்தைத் தாண்டி மெல்லிய கோடொன்று விழுந்தது. “வந்திருச்சி மகள், எடுத்துருங்க, யாராச்சும் தடுக்கி விழப் போறாங்க,” என்றார். அது போய்விட்டது. நிலத்துக்கென்று எந்தப் படம் கோப்பில் இருக்கிறதோ, அந்தப் படத்தின் நிழல்தான் விழும். எந்த இயந்திரமும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தபிறகு அம்புறோஸுக்கு அதில் பயமில்லை; நிழலும் அப்படித்தான்.

“எத்தனை மாடி மகள்?” என்று மட்டும் கேட்டார்.

“அத நான் சொல்லக்கூடாது அங்கிள். வேலை போயிரும்,” என்றாள் அகீலா. “நெழல் சொன்னா நான் பொறுப்பில்ல.”

ஈவ்னிங் ஸ்டாரில் கை தூக்கி வாக்களிக்கும் வழக்கம் இல்லை. உறுப்பினர் எல்லாரும் அறைக்குள் அடங்காத காலத்திலிருந்து, சம்மதம் என்கிறவர்கள் ஆற்றுப் பக்கக் கோலுக்கும், இல்லை என்கிறவர்கள் சந்திப் பக்கக் கோலுக்கும் நடந்து போய் நிற்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் வந்திருந்தார்கள். கம்பெனி அதிகாரி நான்கு மாடிப் படத்தைப் பெரிய பலகையில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். நடப்பதற்கு முன் பத்து நிமிஷம் வேண்டும் என்று கேட்ட அம்புறோஸ், சரியாக ஒரு மீற்றருக்கு வெட்டிய, தரை கூட்டும் தும்புத்தடிக் கம்பொன்றைப் புல்லில் நட்டார்.

“இதென்ன அம்புறோஸ், கூட்டப் போறியா?” என்றார் பஹீம் நானா. முன்வரிசை சிரித்தது.

அம்புறோஸ் பொறுமையாக விளக்கினார். உச்சியிலிருந்து சூரியன் இறங்க இறங்க நிழல் நீளும். கம்பின் நிழல் கம்பளவுக்கே வருகிற ஒரு நேரம் உண்டு. கம்புக்கு எந்தச் சூரியனோ கட்டடத்துக்கும் அதே சூரியன். ஆகவே அந்த நேரத்தில் கட்டடத்தின் நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் கட்டடத்தின் உயரம். ஏறத் தேவையில்லை, அளந்தால் போதும். கட்டடமே இல்லாததால் ஏறவும் முடியாது. மூன்று மணி தாண்டிச் சில நிமிஷத்தில் கம்பின் நிழல் ஒரு மீற்றரைத் தொட்டது. சந்தேகம் வரக்கூடாது என்று அளவு நாடாவின் நுனியைப் பஹீம் நானா கையிலேயே கொடுத்தார். பஹீம் நானா ஆப்படியில் நாடாவை அழுத்திக்கொண்டு குந்த, அம்புறோஸ் நிழல் போன திசையிலேயே நடந்து, தொட்டியை விட்டுவிட்டுத் தட்டைத் தலைவரை அளந்தார். முப்பத்தைந்து மீற்றர் இருந்தது. ஊர் முழுக்க வீடு கட்டச் சாமான் விற்றவருக்கு ஒரு மாடி என்ன உயரம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

“தம்பி, இது நாலில்ல. பதினொண்டு.”

மீதி ஏழும் இரண்டாம் கட்டம், அது வரலாம் வராமலும் போகலாம் என்றார் அதிகாரி. “அது வந்துட்டுது தம்பி, ஒங்கட காலுக்குக் கீழதான் கிடக்கு,” என்று சொல்லிவிட்டு, பஹீம் நானா முதல் ஆளாகச் சந்திப் பக்கக் கோலை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் மைதானமே நடந்தது. பெற்றீசியா டீச்சர் போனார். காலை நிழலை விட மனமில்லாத திரீவீலர்க்காரர்கள்கூட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஆற்றுப் பக்கக் கோலில் பதினான்கு பேர் மட்டும் நின்றார்கள். ஜெஸ்மினும் அவளுடைய அணியும். அகீலாவும் அங்கேதான் நின்றாள். வென்றவர்கள் கைதட்டத் தொடங்கி, அவர்களைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள். அம்புறோஸ் மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து மகளிடம் போனார்.

“பதினொரு மாடின்னு தெரிஞ்சும் இங்க நிக்கிறியா?”

“பதினொண்ணோ நூறோ, அதுல ஒண்ணு எங்க ரூம். நீங்க வெளிச்சத்தக் காப்பாத்துறது நல்லதுதான் அப்பா,” என்றாள் ஜெஸ்மின். “நிழலுக்குள்ள நின்னுக்கிட்டு உடுப்பு மாத்த ஏலுமா? அதுக்குச் சுவர் வேணும்.”

பம்பு ஒன்று எங்கே காற்று இழுக்கிறது என்று பிடிபடும்போது வருகிற தெளிவு அம்புறோஸ் முகத்தில் வந்தது. பிறகு அகீலாவிடம், கழகத்துக்காக ஒரு சின்னப் படம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்.

மறுநாள் காலை கம்பெனிக் கோப்பு மூடப்பட்ட ஒன்பது நாற்பதுக்கு ரோட்டில் நிழல் இல்லாமல் போனது. திரீவீலர்க்காரர்கள் குடை தேடினார்கள். அகீலா வரைந்த படத்தில் கீழே இரண்டு அறை, கழிப்பறை, மேலே ஆட்டம் பார்ப்பதற்கான ஒரு நீண்ட கூரை. ஏழு மீற்றர் உயரம். மேற்குக் கோட்டிலிருந்து பன்னிரண்டு மீற்றர் தள்ளி. இந்தத் தூரத்தை அம்புறோஸ் தும்புத்தடிக் கம்போடு நான்கு பின்னேரங்கள் செலவிட்டுக் கணக்குப் பார்த்தார். இவ்வளவு தள்ளி இருந்தால் கோடு காயும்வரை வெயில் அதன்மேல் இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது நிழல் நீண்டு, கோட்டுக்கு வெளியே பார்வையாளர் உட்காரும் புல்மேட்டை மூடும். ஆடுகிறவர்களுக்கு வெளிச்சம் தங்கும். மாநகர சபையின் அனுமதி முத்திரை விழுந்த அன்று அந்தப் படத்தின் நிழல் இன்னும் கொஞ்சம் அடர்ந்தது.

அறைகளைக் கழகத்தாரே கூடிச் சிரமதானத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி முடித்தார்கள். கல்லும் சீமெந்தும் பஹீம் நானாவின் கடையிலிருந்து வந்தன. கதவை ஜெஸ்மினே தேர்ந்தெடுத்தாள். உள்ளே இரட்டைத் தாழ்ப்பாள் போட்டாள். ஆட்டம் பார்ப்பதற்கான அந்த நீண்ட கூரையை மட்டும் யாரும் கட்டவில்லை. அதன் வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. மழை பெய்தால் புல்மேட்டில் இருப்பவர்கள் குடை பிடிக்கிறார்கள், ஏனென்றால் வரைந்த கூரை மழையை நிறுத்தாது; வெயிலைத்தான் நிறுத்தும்.

கட்டாத கட்டடத்துக்கு அனுமதி ஒரு வருஷம்தான் செல்லும். ஆகவே ஒவ்வொரு ஜனவரியும் அம்புறோஸ் சபைக்குப் போய், எப்போது கட்டப் போகிறீர்கள் என்ற கட்டத்தில் ‘அடுத்த வருஷம்’ என்று எழுதிப் புதுப்பித்து வருகிறார். அது போதும். மேற்குக் கோடு மூன்று மணிக்குள் காய்ந்துவிடுகிறது.