குணமான மாதிரி

என் மனைவி பேச்சியம்மாள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பேராசிரியர் தில்லைநாயகத்தின் ஆய்வேட்டில் அவள் குணமாகிவிட்டதால் வீட்டில்தான் இருக்கிறாள்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தன் கஷாயத்தைக் கொடுத்துப் பார்க்க அவர் ஆள் தேடினார். கடைக்கு அவரே வந்து கேட்டார். பேச்சியம்மாளுக்கும் அந்த நோய். அவருடைய ஆய்வுக்கு மாதிரி ஆனாள். ஆய்வுக்காக மருந்து குடிக்கிறவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் வாரம் செத்துப்போனாள். அவர் ஏட்டில் "குணமான மாதிரி" என்று எழுதினார். சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

ஏட்டில் அவளைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான். பசி நன்று, தூக்கம் நன்று. அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் என்னைக் "கூறுகெட்ட மனுசா" என்றுதான் கூப்பிடுவாள். இப்போது எதைக் கேட்டாலும் "பசி நல்லா இருக்கு" என்கிறாள். திதி கொடுக்கப் போனால், குணமானவளுக்கு எள்ளும் தண்ணியும் எப்படி விடுவது என்று ஐயர் பாயைச் சுருட்டிவிட்டார். நானும் இன்னும் அழவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளை வைத்துக்கொண்டு எப்படி அழுவது.

எங்கள் தெருவில் அந்தக் கஷாயம் குடித்துக் குணமானவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் பசி நன்றாக இருக்கிறது.

தில்லைநாயகத்துக்குப் பதவி வந்தது, கார் வந்தது. கார் பஞ்சரானால் என்னிடம்தான் வர வேண்டும். சாயங்காலம் வரை நிறுத்திவைப்பேன். அது எனக்குப் போதவில்லை. அவள் செத்தாள் என்று ஏட்டில் எழுதச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நேர்மை வாரம் கொண்டாடினார்கள். நேர்மைக் குழுவிலிருந்து எஸ்தர் மேடம் வீட்டுக்கே வந்தார். பேச்சியம்மாள் இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க மனு நியாயம்னு முடிவாயிட்டு. ஏட்டைத் திருத்தப் போறோம்."

"திருத்தினா இவ?"

"இருக்க மாட்டாங்க."

"திருத்தலைன்னா?"

"சார் மேல குத்தம் இல்லேன்னு ஆயிரும். சனிக்கிழமை நேர்மை விருது அவருக்குத்தான்."

நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். "என்னளா, ஒரே ஒரு தடவை கூறுகெட்ட மனுசான்னு என்னை வையி. மனுவைக் கிழிச்சுப் போட்டுருதேன். அவன் விருதை வாங்கிட்டுப் போட்டும்."

"தூக்கம் நல்லா இருக்கு" என்றாள்.

திருத்தச் சொல்லிவிட்டேன். பந்தலுக்கும் பாடைக்கும் ஆள் சொன்னேன். இந்தத் தடவை அழுதுவிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை திருத்தினார்கள். "குணமான" என்பதை அடித்துவிட்டு "இறந்த" என்று போட்டார்கள். பசி நன்று, தூக்கம் நன்று என்பதை யாரும் தொடவில்லை. அதனால் பேச்சியம்மாள் இப்போது கூடத்தில் இறந்த மாதிரி படுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கிறது. மூச்சு இல்லை. வேளைக்கு வாயைத் திறக்கிறாள்.

தூக்க வந்தவர்கள் அவள் வாயைத் திறப்பதைப் பார்த்தார்கள். "சாப்பிடுத பொணத்தை நாங்க தூக்குறதில்ல, அண்ணாச்சி" என்று சொல்லிப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை விருது தில்லைநாயகத்துக்கே கிடைத்தது, தவற்றை ஒப்புக்கொண்ட நேர்மைக்காக. தவற்றை ஒப்புக்கொள்வதைப் பற்றி அவர் புதிதாக ஒரு ஏடு எழுதியிருக்கிறார். அதில் நான்தான் மாதிரி. மனுதாரர் மனநிறைவு அடைந்தார் என்று எழுதியிருப்பதாக எஸ்தர் மேடம் சொன்னார்.

அன்றிலிருந்து என் வாய் சிரித்தபடியே இருக்கிறது. நேற்று அவருடைய கார் பஞ்சராகி வந்தது. உடனே ஒட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்து பேச்சியம்மாளுக்கு ஊட்டினேன். இடையில் ஈரம் இருக்கிறதா என்று என் கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். சிரிப்பில் கன்னம் மேலே ஏறி, கண் இருந்த இடம் மூடியிருந்தது.