எதிர்ப் பிளாட்பாரம்

கோலாலம்பூர் ரயில் ஹாரனை அலறவிட்டபடி செரண்டா நிலையத்துக்குள் நுழைந்தது. அதுவும் எதிர்ப் பிளாட்பாரத்தில்! அம்பிகைபாகன் திகைத்துப்போனார்.

இதே நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கொடுக்கும் கிராணியாக இருந்தவர் அவர். அப்போது எந்த ரயிலும் அலுவலக வாசலுக்கே வரும். இரட்டைத் தண்டவாளம், மேம்பாலம், லிஃப்ட் எல்லாம் அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவை. தம்பி விஜேந்திரன் கோலாலம்பூர் மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடுகிறான், அண்ணனைக் கேட்கிறான் என்று காலையில் தகவல் வந்தது. பதற்றத்தில் கால்கள் அவரைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

“என்னா சார், நீங்களே தப்பான பக்கம் நிக்கிறீங்க! பாலத்துல ஏறுங்க லா!” என்று காவலாளி ஆர்தர் சிரித்தார்.

மூச்சிரைக்கப் படியேறி மறுபக்கம் இறங்குவதற்குள் கதவுகள் மூடி, ரயில் நகர்ந்துவிட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

பெஞ்சில் சாய்ந்தபோது கைப்பேசி ஒலித்தது. தம்பி மனைவி இந்திரகுமாரி.

“அடுத்த கோச்சியில வந்திடுவன், பிள்ளை. அவனைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லு.”

அவள் மெல்லச் சொன்னாள்:

“இனி அவசரமில்லை, அத்தான். ஆறுதலா வாங்கோ.”