உரம் போடாத பாத்தி

"இவர மாதிரி ஒருத்தர் இனிமே பொறந்துதான் வரணும்" என்று ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அப்பாவின் கால்மாட்டில் மலர்வளையத்தைச் சாத்தினார். அவள் காதில் வாங்காமல் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா முந்தின நாள் விடிகாலையில் போயிருந்தார். நெல் ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம். எந்த ரகம் கொஞ்சம் தழைச்சத்தை வைத்துக்கொண்டு நிறைய நெல் கொடுக்கும் என்று பார்ப்பதுதான் வேலை. ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு பாத்தியில் நடுவார். ஒன்றுக்குத் தழைச்சத்தாக யூரியா உண்டு, இன்னொன்றுக்குக் கிடையாது. ஒரு ரகத்தை ஒரே பாத்தியில் நட்டுவிட்டு முடிவு எழுதிய உதவியாளரை நாய் படாத பாடு படுத்தியிருக்கிறார்.

அதே மகானுபாவர் வீட்டில் செய்தது என்ன? யூரியாவெல்லாம் அண்ணனுக்கு. ட்யூஷன், பைக், வெளிநாட்டுப் படிப்பு. அவளுக்கு, "இது உரம் கேக்காத ரகம்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமை பேசியதோடு சரி. அந்தப் பெருமையைத் தின்றே அவளும் நாற்பதைத் தொட்டுவிட்டாள், அசடு.

போன வாரம்தான் வேலைக்கான உத்தரவு வந்தது. வேறு ஊரில், கல்லூரி ஆய்வகத்தில். திங்கட்கிழமை சேர வேண்டும். படுக்கையில் கிடந்தவரிடம் நீட்டினாள். "அப்ப அம்மாவ யாரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மதியம் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கினான். யூரியாவை அள்ளித் தின்று இலையாகத் தழைத்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் மல்லாந்து விழும் ரகம் ஒன்று உண்டு. குளிர்கண்ணாடியைக் கழற்றாமல் அழுதான். அழுது முடித்ததும் அவளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"நாளன்னிக்கு எனக்கு ஃபிளைட்டு. அம்மா உங்கிட்டயே இருக்கட்டும். அந்த வேல இல்லேன்னா இன்னொண்ணு. உனக்கென்ன, நீ எப்படியும் சமாளிச்சுக்குவே."

"அப்பாவே சொல்லுவாரே" என்று இயக்குநர் நடுவில் புகுந்தார். "எம்பொண்ணு உரம் போடாத பாத்தி, ஆனாலும் வெளச்சல் குறையாதுன்னு."

வயிற்றெரிச்சலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சார், ஒரு சந்தேகம். ஒரு ரகத்த ஒரு பாத்தியில மட்டும் நட்டா கணக்கு செல்லுமா?"

"அதெப்படிம்மா செல்லும்? ரெண்டுலயும் நட்டாத்தான் ரகத்தோட குணம் தெரியும்." சாவு வீடு என்பதே மறந்து மனுஷர் உற்சாகமாகிவிட்டார்.

"கேட்டுக்கோண்ணா. இனிமே பாத்திய மாத்திக்குவோம். நான் திங்கக்கிழமை வேலைல சேரறேன். அம்மாவ நீ பாத்துக்கோ. அங்க கூட்டிட்டுப் போ, இல்ல இங்கயே இரு."

"பொணத்த வச்சிக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

"நீதான ஆரம்பிச்ச."

இயக்குநர் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவள். கூப்பிட்டால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அல்லது துணி மாற்ற வேண்டும். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள், அவள் பெயரைச் சொல்லியே.

மூன்றாவது தடவைதான் அண்ணன் எழுந்தான். எந்தக் கதவு என்று தெரியாமல் முதலில் குளியலறையைத் திறந்தான்.