அந்தோணி அங்கிள் தளர்த்திய மூடி

புனே மழையில் என் அயனித் திரவம் ஒரு மாதமாக உயிரை வாங்கியது. அறை வெப்பத்திலேயே உருகிக் கிடக்கும் உப்பு அது. வெற்றிடத்தில் சூடேற்றி, ஈரத்தை எடுத்து, இறுக மூடி வைப்பேன். காலையில் மின்முனையைச் செருகினால் தண்ணீர் கலந்திருப்பது தெரியும்.

நேற்று மாலை, மறந்துவிட்ட குடையை எடுக்க ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தேன். ஆய்வகப் பணியாளர் அந்தோணி அங்கிள் ஒவ்வொரு பாட்டிலின் மூடியையும் லேசாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அங்கிள்?" கத்தாமல் கேட்கப் பெரும்பாடு பட்டேன்.

"உள்ள ஆவி சேர்ந்தா வெடிச்சிரும் பேட்டா. நீதான காலைல முதல்ல திறக்குற?"

"இது ஆவியே ஆகாது அங்கிள். காத்துல இருக்கிற ஈரத்தைத்தான் குடிக்கும்."

அவர் கண்ணுக்குக் கீழிருந்த பழைய தழும்பைத் தடவினார்.

"அன்னிக்கு என் மூஞ்சியக் கிழிச்ச ஈதர் பாட்டிலும் வெடிக்கிற வரைக்கும் சும்மாதாம்மா இருந்துச்சு."