நர்ஸ் வேஷம்

என் தங்கை கும்பிசே தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவள். தலைமுடியும் வெளுப்புதான். எங்கள் ஊரான லிம்பேயில் ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தெருக்காரன் வோங்கானி பன்னிரண்டு நிமிடப் பேய்ப்படம் ஒன்று எடுப்பதாகவும், அதில் அவளுக்கு நர்ஸ் வேஷம் என்றும் சொன்னான். கேமரா நான்தான். தயங்கியவளைச் சம்மதிக்க வைத்ததும் நான்தான். இரண்டு வாரம் வசனத்தை உருப்போட்டாள்.

படப்பிடிப்பன்று காலை தோப்புக்குப் போனோம். அங்கே ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். நர்ஸ் உடையில் வேறொரு பெண் நின்றாள். வோங்கானி என் தங்கையிடம் ஒரு வெள்ளைத் துணியை நீட்டினான்.

“கதையைக் கொஞ்சம் மாத்திட்டேன்மா. இந்தக் குழியிலேருந்து நீ எழுந்து வரணும். உனக்கு மேக்கப்பே வேண்டாம் பாரு.”

யாரோ சிரித்தார்கள்.

எங்கள் சித்தப்பாவும் இவளைப் போலவே பிறந்தவர். அவரைப் புதைத்த ஒன்பதாம் நாள் குழியைத் தோண்டி எலும்பை எடுத்துப் போய்விட்டார்கள், மாந்திரீக மருந்துக்கு.

“சித்தப்பா குழி எப்படிக் கிடந்துச்சுன்னு நீயும் வந்து பாத்தவன்தானே?” என்றாள் கும்பிசே.

“அது வேற, இது சினிமா. உன்னை மாதிரி ஆளுங்களும் படத்துல இருக்கணும்னு வெளிநாட்டுப் பட விழாக்காரங்களே கேக்கறாங்க. உன் போட்டோவைப் பாத்துத்தான், எடுக்கறதுக்கு முன்னாடியே நம்ம படத்தைச் சேத்துக்கிட்டாங்க.”

“போட்டோவுக்குக் கீழ என்ன எழுதின? நர்ஸுன்னா, பேயுன்னா?”

அவன் வெள்ளைத் துணியை உதறி மடிக்கத் தொடங்கினான்.

“மனுசங்களுக்குப் பயந்து பட்டப்பகல்லயே துணையோட நடக்கறவ நான். என்னைப் பாத்து ஊரு அலறணுமா? என் கிளாஸ் புள்ளைங்க அலறணுமா?”

வோங்கானி என் காதருகே குனிந்தான். “எடுறா, எடு. இந்தக் கோபம் நடிச்சா வராது.”

என் விரல் அழுத்திவிட்டது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிவதை அவள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, அதை நிறுத்து.”

நிறுத்தினேன். அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் ஃபோனில் விழாக்காரர்களுக்கு எழுதினாள். அனுப்புமுன் எல்லாருக்கும் கேட்கும்படி படித்துக் காட்டினாள். வோங்கானி ஃபோனைப் பிடுங்க வந்தபோதுதான் நான் கேமராவைக் கீழே வைத்தேன். குறுக்கே போய் நின்றேன். அவள் அனுப்பிவிட்டாள்.

நான்கு நாளில் விழாவிலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள். வோங்கானி எங்கள் வாசலில் வந்து கத்தினான். “ஒன்பது பேரு உழைப்பும்மா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வரி எழுது, போதும்.”

“சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். போ.”

அவன் போனதும், எடுத்ததை அன்றே அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

“அழிச்சதைப் பெருமையா வந்து சொல்றியே, எதுக்கு எடுத்த?”

இரண்டு மாதமாகிறது. அவள் கோபம் ஆறவில்லை. ஆறச் சொல்லிக் கேட்க எனக்கு முகமும் இல்லை.